நடப்பு விவகார வீடியோ சேனல் தொடங்க நினைக்கிறீர்களா? கேமராவைக் கடைசியில் வாங்குங்கள்

நாட்டு நடப்பைப் பேசும் வீடியோ சேனல் தொடங்கலாம் என்று முடிவெடுத்தவுடன் பலரும் முதலில் விசாரிப்பது கேமராவின் விலையைத்தான். அதற்கு இன்னும் நாள் இருக்கிறது. இந்தத் தொழிலில் நிலைத்து நிற்பவர்கள் எந்த வழியாக வந்தார்கள் என்பதை முதலில் பார்த்துவிடுவோம்.

இந்தியில் பேசும் யூடியூபர் துருவ் ராட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். 1994இல் ஹரியானாவில் பிறந்தவர். ஜெர்மனியில் கார்ல்ஸ்ரூ தொழில்நுட்பக் கழகத்தில் பொறியியல் படித்தவர். பயண வீடியோக்களில் ஆரம்பித்து, 2014 வாக்கில் அரசியலை விளக்கும் வேலைக்கு வந்தார். 2024 பிப்ரவரியில், மக்களவைத் தேர்தல் நெருங்கிய நேரத்தில், இந்தியா சர்வாதிகாரத்தை நோக்கிப் போகிறதா என்று கேட்டு அவர் வெளியிட்ட வீடியோ நாடெங்கும் பேசப்பட்டது. அந்த ஆண்டிலேயே அவரது சந்தாதாரர் எண்ணிக்கை இரண்டு கோடியைத் தாண்டியது. ஒரே வீடியோவில் மேலே வந்துவிட்டார் என்று பேசுபவர்கள், அதற்கு முந்தைய பத்தாண்டு உழைப்பைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

அவருடைய அரசியல் உங்களுக்கு ஒத்துவராமல் போகலாம். வேலை செய்யும் முறையை மட்டும் கவனியுங்கள். நடந்த ஐந்தாவது நிமிடத்தில் செய்தி சொல்ல அவர் ஓடுவதில்லை. ஒரு விவகாரத்தை எடுத்து, அதன் முன்கதையைச் சொல்லி, ஆவணங்களையும் செய்தித்தாள் பக்கங்களையும் திரையில் காட்டி விளக்குகிறார். 2024இல் தமிழ் உள்ளிட்ட மொழிகளில் செயற்கை நுண்ணறிவுக் குரலோடு தனிச் சேனல்களையும் தொடங்கினார். இது உங்களுக்கு நேரடியாகத் தொடர்புள்ள செய்தி. தில்லி அரசியலைத் தமிழில் விளக்கும் இடத்துக்கு இரண்டு கோடிப் பேரின் பின்பலத்தோடு ஒருவர் வந்துவிட்டார். உடனடிச் செய்தியைத் தருவதற்கு நூற்றுக்கணக்கான ஊழியர்களோடு தொலைக்காட்சிகள் இருக்கின்றன. இந்த இருவரும் எட்டிப் பார்க்காத இடம்தான் புதியவருக்கு உரியது.

முதல் படி: வட்டத்தைச் சுருக்குங்கள்

"அரசியல், சினிமா, விளையாட்டு, உலகம் எல்லாம்" என்று சேனல் விவரத்தில் எழுதாதீர்கள். ஒன்று அல்லது இரண்டு துறைகள் போதும். நெய்தல் நில மாவட்டத்துக்காரர் என்றால் மீனவர் கைதும் படகுப் பறிமுதலும். திருப்பூர்க்காரர் என்றால் சாயக்கழிவும் நொய்யலும். போட்டித் தேர்வு எழுதிக் களைத்தவர் என்றால் தேர்வாணைய அறிவிப்புகளும் வழக்குகளும். இந்த வரிசையில் பதினைந்து, இருபது தலைப்புகளை உங்களால் ஒரே அமர்வில் எழுத முடியவில்லை என்றால் துறையை மாற்றுங்கள்.

எடுத்துக்காட்டாக, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் பரவியது. படகும் வலையும் கறுத்துப்போன மீனவர்களைச் சில நாட்கள் எல்லாக் கேமராக்களும் சுற்றின. பிறகு கேமராக்கள் வேறு இடம் தேடிப் போயின. விவகாரமோ தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வில் தொடர்ந்தது. இழப்பீடு யாருக்குப் போய்ச் சேர்ந்தது, தூய்மைப் பணி எதுவரை நடந்தது என்று மாதத்துக்கு ஒருமுறை சொல்லும் சேனல் ஒன்று இருந்தால் எண்ணூர், காட்டுக்குப்பம் பகுதி மக்கள் அதைத் தேடி வருவார்கள். நிருபர்கள்கூட அதைப் பார்த்துத்தான் எழுதுவார்கள்.

இரண்டாம் படி: காகிதத்தைத் தேடுங்கள்

மற்ற சேனல்களைப் பார்த்துச் சேனல் நடத்துவது நம் ஊரில் ஒரு தனித்தொழிலாகவே வளர்ந்துவிட்டது. ஒருவர் ஊகித்ததை அடுத்தவர் "தகவல்" என்கிறார், மூன்றாமவர் அதற்குக் கோபப்படுகிறார். இதிலிருந்து விலகி நிற்க ஒரே வழி, மூல ஆவணத்தைப் படிப்பது. அவை பெரும்பாலும் இலவசமாகவே கிடைக்கின்றன.

தமிழ்நாடு சட்டமன்றத்தில் ஒவ்வொரு துறையும் மானியக் கோரிக்கையின்போது கொள்கை விளக்கக் குறிப்பை வைக்கிறது. தமிழிலேயே இருக்கும், இணையத்தில் இறக்கிக்கொள்ளலாம். உங்கள் துறைக்கான குறிப்பை முழுதாகப் படித்தவர் மாநிலத்தில் மிகச் சிலரே என்று துணிந்து நம்பலாம். தணிக்கைத் துறைத் தலைவரின் அறிக்கைகள், அரசாணைகள், நாடாளுமன்றக் கேள்விகளுக்கு அமைச்சர்கள் தந்த எழுத்துப்பூர்வப் பதில்கள், வேட்பாளர்கள் தாக்கல் செய்யும் படிவம் 26 உறுதிமொழிப் பத்திரங்கள், இ-கோர்ட்ஸ் தளத்தில் வழக்கின் நிலை என்று பட்டியல் நீளும். ஊராட்சி அளவில் பேசுபவர்கள் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் நடக்கும் கிராம சபைக் கூட்டங்களை நாட்காட்டியில் குறித்துக்கொள்ளட்டும்.

கிடைக்காததைக் கேட்டு வாங்க 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய்க் கட்டணத்தோடு பொதுத் தகவல் அலுவலருக்கு மனு. முப்பது நாட்களுக்குள் பதில் வர வேண்டும்; வராவிட்டால் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலரிடம் போகலாம். மனு எழுதும்போது "ஏன் செய்யவில்லை" என்று கேட்காதீர்கள், அதற்குப் பதில் சொல்ல அவர்களுக்குக் கடமை இல்லை. "இன்ன சாலைப் பணிக்கான மதிப்பீடு, பணி ஆணை, அளவுப் புத்தகப் பக்கங்களின் நகல் தருக" என்று கேளுங்கள். ஏன் என்பதற்கான பதில் பெரும்பாலும் அந்த நகலிலேயே இருக்கும்.

அரசுத் தளங்களில் பக்கங்கள் திடீரென்று காணாமல் போவது வழக்கம். பார்த்த அன்றே கோப்பாகச் சேமியுங்கள். இணையப் பக்கங்களைப் பாதுகாத்துவைக்கும் வேபேக் மெஷின் தளத்திலும் ஒரு நகலைப் பதிந்துவையுங்கள்.

மூன்றாம் படி: நம்பாதீர்கள்

2023 மார்ச் தொடக்கத்தில், தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்கள் தாக்கப்படுகிறார்கள் என்று சில வீடியோக்கள் வட மாநிலங்களில் பரவின. பீகார் சட்டமன்றத்தில் கூச்சல் எழுந்தது. அங்கிருந்து அதிகாரிகள் குழு தமிழ்நாட்டுக்கு வந்தது. திருப்பூரிலும் கோவையிலும் பயந்துபோன தொழிலாளர்கள் ஹோலிக்கு ஊருக்குப் போவதா, திரும்பி வருவதா என்று தவித்தார்கள். தமிழ்நாடு காவல்துறைத் தலைவர் விளக்கம் தந்தார்: பரவியவற்றில் ஒரு வீடியோ, திருப்பூரில் பீகார் தொழிலாளர்களின் இரு குழுக்கள் தங்களுக்குள் மோதிக்கொண்டது, மற்றொன்று கோவையில் உள்ளூர்க்காரர் இருவருக்கு இடையிலான சண்டை. இது தொடர்பாகப் பீகாரைச் சேர்ந்த ஒரு யூடியூபர் கைதாகி, தேசியப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழும் பல மாதங்கள் சிறையில் இருந்தார்.

அந்த இரண்டு வீடியோக்களில் காட்சி போலியல்ல, சண்டை உண்மையாகவே நடந்தது. யார் யாரை அடித்தார்கள் என்ற விவரம்தான் பொய். ஆகவே "எடிட் செய்ததுபோலத் தெரியவில்லையே" என்பது சரிபார்ப்பு ஆகாது. செய்ய வேண்டியவை இவை.

வீடியோவை நிறுத்தி நிறுத்தி நான்கைந்து காட்சிகளைப் படமாக எடுத்து, கூகுள் லென்ஸிலும் யாண்டெக்ஸிலும் தேடுங்கள். அதே படம் பழைய தேதியில் வேறு எங்காவது வந்திருந்தால் வேலை அங்கேயே முடிந்துவிடும். வராவிட்டால் பெயர்ப்பலகை, வண்டி எண், பஸ்ஸின் நிறம், பின்னணியில் கேட்கும் மொழி, நிழலின் திசை ஆகியவற்றைப் பாருங்கள். இடம் தெரிந்தவுடன் அந்தக் காவல் நிலையத்துக்கும் அருகிலுள்ள கடைக்கும் தொலைபேசியில் பேசுங்கள். டீக்கடைக்காரருக்குத் தெரிந்தது எந்தத் தேடுபொறிக்கும் தெரியாது.

ஐந்து வாட்ஸ்அப் குழுக்களில் வந்துவிட்டது என்பதால் ஐந்து ஆதாரம் ஆகாது. அவை எல்லாம் ஒரே இடத்திலிருந்து வந்திருந்தால் ஆதாரம் ஒன்றுதான். அந்த ஒன்றும் யாருடையது என்று தெரியாவிட்டால் கைவசம் இருப்பது பூஜ்ஜியம். ஒவ்வொரு வீடியோவுக்கும் ஓர் அட்டவணை வைத்துக்கொள்ளுங்கள்: சொல்லும் தகவல், அது எங்கிருந்து வந்தது, பார்த்த தேதி, சேமித்த நகல். நோட்டீஸ் வரும் அன்று வழக்கறிஞர் முதலில் கேட்பது அதைத்தான்.

நான்காம் படி: எழுதிப் பேசுங்கள்

மனதில் தோன்றியதைக் கேமரா முன் பேசிவிடுவேன் என்பவர்கள் பட்டிமன்றத்துக்குப் போகலாம். நடப்பு விவகாரத்துக்கு ஸ்கிரிப்ட் வேண்டும். முதல் அரை நிமிடத்தில் விவகாரம் என்ன என்பதைச் சொல்லிவிடுங்கள். "வணக்கம் நண்பர்களே, இந்த வீடியோவில் நாம் பார்க்கப்போவது" என்று இழுக்கும்போதே ஆள் போய்விடுவார். பிறகு முன்கதை, ஆவணம், எதிர்த்தரப்பின் பதில், இன்னும் தெளிவாகாதவை. எதிர்த்தரப்பின் பதில் வேண்டுமென்றால் அவர்களிடம் கேட்டிருக்க வேண்டும். மின்னஞ்சல் அனுப்பி, பதில் சொல்ல நியாயமான அவகாசம் கொடுத்து, பதில் வராவிட்டால் வரவில்லை என்பதையும் வீடியோவில் சொல்லுங்கள்.

எழுதியதை உரக்கப் படித்துப் பாருங்கள். மூச்சு வாங்கும் இடத்தில் வாக்கியத்தை வெட்டுங்கள். காவல்துறை விசாரணைக்கு அழைத்துச் சென்றவரைக் கைதானவர் என்றோ, குற்றம்சாட்டப்பட்டவரைக் குற்றவாளி என்றோ எழுதியிருந்தால் அங்கேயே திருத்துங்கள். "சொல்லப்படுகிறது", "கூறப்படுகிறது" என்று வரும் ஒவ்வொரு இடத்திலும் சொல்வது யார் என்று கேளுங்கள். பதில் இல்லாத வரியை எடுத்துவிடுங்கள்.

ஐந்தாம் படி: பதிவு

இப்போது கேமரா. கையில் இருக்கும் போன் போதும். செலவழிக்க வேண்டியது சட்டையில் மாட்டும் மைக்குக்கு. மங்கலான படத்தைப் பொறுத்துக்கொள்பவர்கள் இரைச்சலைப் பொறுப்பதில்லை. மின்விசிறியை நிறுத்துங்கள், ஜன்னலைப் பார்த்து உட்காருங்கள், சுவரில் கனமான துணி ஒன்றைத் தொங்கவிடுங்கள். எடிட்டிங்குக்குப் போனில் கைன்மாஸ்டர், கணினியில் டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பு. இதற்கு மேல் கருவிகளைப் பற்றிப் பேசினால் அது வேறு கட்டுரை.

ஒரேயொரு வேண்டுகோள்: வண்டியில் "பிரஸ்" ஸ்டிக்கர் ஒட்டாதீர்கள். அரசு அங்கீகார அட்டை இல்லாமல் அதை ஒட்டிக்கொண்டு திரிபவர்கள் ஊருக்கு ஊர் ஏற்கெனவே போதுமான அளவுக்கு இருக்கிறார்கள்.

ஆறாம் படி: பிறர் எடுத்த காட்சிகள்

புதிய சேனல்கள் பெரும்பாலும் இங்கேதான் மாட்டுகின்றன. 1957ஆம் ஆண்டின் காப்புரிமை (காபிரைட்) சட்டத்தின் 52ஆம் பிரிவு, விமர்சனத்துக்காகவும் நடப்புச் செய்தியைத் தெரிவிப்பதற்காகவும் பிறர் படைப்பை நியாயமான அளவில் எடுத்தாள இடம் தருகிறது. எத்தனை நொடி என்று சட்டம் சொல்லவில்லை. "பத்து நொடிக்குள் இருந்தால் பிரச்சினை இல்லை" என்பது காற்றில் பிறந்த விதி. எவ்வளவு எடுத்தீர்கள், எதற்காக, அதன் மேல் நீங்கள் சேர்த்தது என்ன, மூலப் படைப்பின் சந்தையைக் கெடுக்கிறதா என்று நீதிமன்றம் பார்க்கும்.

ஆனால் நீதிமன்றம் வரை போவதற்கு முன்பே யூடியூபின் விதி வேலை செய்துவிடும். 90 நாட்களுக்குள் மூன்று காப்புரிமை ஸ்ட்ரைக் (உரிமையாளரின் புகாரால் வரும் தண்டனைக் குறி) விழுந்தால் சேனல் நீக்கப்படலாம். 2025 மே மாதம் மோகக் மங்கல் என்ற யூடியூபர், சில நொடிக் காட்சிகளுக்காக ஏஎன்ஐ செய்தி நிறுவனம் ஸ்ட்ரைக் அனுப்பிவிட்டு, அதை விலக்கிக்கொள்ளப் பல லட்சம் ரூபாய் கேட்டதாகக் குற்றம்சாட்டி வீடியோ வெளியிட்டார். ஏஎன்ஐ தில்லி உயர் நீதிமன்றத்தில் அவதூறு வழக்குப் போட்டது. வீடியோவின் சில பகுதிகளை நீக்க அவர் ஒப்புக்கொண்டார். யார் பக்கம் நியாயம் என்பது ஒருபுறம் இருக்கட்டும். எட்டு, பத்து ஆண்டு உழைப்பு மூன்று மின்னஞ்சல்களில் தொங்கிக்கொண்டிருக்கிறது என்பதைப் பல யூடியூபர்கள் அன்றுதான் உணர்ந்தார்கள்.

ஆகவே காட்சி இல்லாமல் கதை சொல்லப் பழகுங்கள். நீங்களே எடுத்த படம், வரைபடம், ஆவணப் பக்கத்தில் மஞ்சள் கோடு போட்டுக் காட்டுவது, எடுத்தவரே பிறர் பயன்படுத்த அனுமதிக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் கிடைக்கும் படங்கள் ஆகியவையே பாதி வேலையைச் செய்துவிடும். நீதிமன்ற நேரலைகளை வெட்டிப் போடுவது வேண்டாம். அவற்றை அனுமதியின்றி மறுவெளியீடு செய்ய நேரலை விதிகள் இடம் தருவதில்லை. விசாரணையில் நடந்ததை உங்கள் வார்த்தையில் சொல்வதற்குத் தடை ஏதும் இல்லை.

ஏழாம் படி: சட்டத்தின் சில வரிகள்

2024 ஜூலை 1 முதல் அவதூறு, பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவில் இருக்கிறது; இரண்டு ஆண்டு வரை சிறைக்கு இடமுண்டு. "இது என் சொந்தக் கருத்து" என்று கடைசியில் ஒரு வரி போட்டால் தப்பிக்கலாம் என்று நினைக்காதீர்கள். ஒருவர் லஞ்சம் வாங்கினார் என்பது கருத்தில் சேராது, அது நிரூபிக்க வேண்டிய தகவல்.

பாலியல் வன்முறைக்கு ஆளானவரின் பெயரையும், அவரை அடையாளம் காட்டும் எதையும் வெளியிடக் கூடாது. முகத்தை மறைத்துவிட்டு அப்பாவின் பெயரையும் தெருவையும் பள்ளியையும் சொல்வதும் அடையாளம் காட்டுவதுதான். குழந்தை என்றால் போக்சோ சட்டமும் இளைஞர் நீதிச் சட்டமும் சேர்ந்துகொள்ளும். இதில் சந்தேகம் வந்தால் வெளியிடாமல் இருப்பதே சரி, விவாதமே வேண்டாம்.

2021ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகள், இணையத்தில் செய்தியும் நடப்பு விவகாரமும் வெளியிடுவோர் புகார்களைக் கேட்க ஒருவரை நியமித்துப் பதினைந்து நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்கின்றன. அந்த விதிகளின் சில உட்பிரிவுகளைப் பம்பாய் உயர் நீதிமன்றம் 2021இல் நிறுத்திவைத்தது. சட்டச் சண்டை எப்படிப் போனாலும், வீடியோ விவரத்தில் புகாருக்கென ஒரு மின்னஞ்சல் முகவரி கொடுத்து, வரும் புகாருக்குப் பதில் எழுதும் பழக்கம் உங்களுக்கு நல்லது. இலங்கையிலிருந்து பேசுபவர்கள் 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தைத் தனியாகப் படிக்க வேண்டும்.

எட்டாம் படி: தலைப்பும் தம்ப்நெயிலும் (முகப்புப் படம்)

சிவப்பு வட்டம், அம்புக்குறி, வாயைப் பிளந்த முகம், "அதிர்ச்சி" என்ற எழுத்து. இவை இல்லாமல் யாரும் பார்க்க மாட்டார்கள் என்று சொல்லித் தர ஆயிரம் பேர் இருக்கிறார்கள். 2024 டிசம்பரில் யூடியூப், தலைப்பிலோ தம்ப்நெயிலிலோ சொல்லியது வீடியோவில் இல்லாவிட்டால் நடவடிக்கை எடுப்பதாக, குறிப்பாகச் செய்தி மற்றும் நடப்பு விவகார வீடியோக்களைச் சுட்டி, இந்தியாவில் தொடங்கி அறிவித்தது. தலைப்பில் ஊர் பெயரும் விவகாரமும் இருந்தாலே தேடுபவர் வந்துசேர்வார். "எண்ணூர் எண்ணெய்க் கசிவு: இழப்பீடு எங்கே நிற்கிறது?" என்பது கவர்ச்சியான தலைப்பு அல்ல, மூன்று ஆண்டு கழித்தும் தேடலில் வரும் தலைப்பு.

வெளியிட்ட பிறகு தவறு தெரிந்தால் அதே முகவரியில் வேறு வீடியோவை மாற்றிவைக்க முடியாது. யூடியூப் ஸ்டுடியோ பக்கத்தில் அந்தப் பகுதியை வெட்டலாம். விவரப் பகுதியில் "கரெக்ஷன்ஸ்" என்ற சொல்லை ஆங்கிலத்தில் எழுதி, கீழே நிமிடமும் திருத்தமும் குறித்தால், அந்த இடம் ஓடும்போது திரையில் குறிப்பு தோன்றும் வசதி 2022 முதல் இருக்கிறது. முதல் கருத்தாகவும் அதை ஒட்டிவையுங்கள். தவறு பெரிது என்றால் வீடியோவை எடுத்துவிட்டு, எடுத்ததற்கான காரணத்தைச் சொல்லுங்கள்.

பணம் எப்போது வரும்

1,000 சந்தாதாரர்களும், கடந்த 12 மாதங்களில் 4,000 மணிநேரப் பார்வையும் சேர்ந்தால் விளம்பர வருமானத்துக்கு விண்ணப்பிக்கலாம். ஷார்ட்ஸ் வழியில் என்றால் 90 நாட்களில் ஒரு கோடிப் பார்வை. நீளமான வீடியோக்களின் விளம்பர வருமானத்தில் 55 விழுக்காடு உங்களுக்கு வரும். வீடியோ எட்டு நிமிடத்தைத் தாண்டினால் நடுவிலும் விளம்பரம் வைக்கலாம், அதற்காக ஐந்து நிமிட விஷயத்தை ஒன்பதாக இழுக்காதீர்கள். கணக்கில் 10 டாலர் சேர்ந்ததும் முகவரியைச் சரிபார்க்க அஞ்சலில் ஒரு ரகசிய எண் வரும். 100 டாலர் சேர்ந்தால்தான் பணம் வங்கிக்கு வரும்.

நடப்பு விவகாரத்தில் இந்த வருமானத்தை நம்பிக் கடன் வாங்கக் கூடாது. போர், கொலை, கலவரம் என்று பேசும் வீடியோவுக்கு மஞ்சள் அடையாளம் விழும், விளம்பரம் குறையும். அமெரிக்காவில் பிலிப் டிஃப்ராங்கோ 2006 முதல் அன்றாட நிகழ்வுகளை வேகமாகவும் கிண்டலாகவும் பேசிப் பெரும் கூட்டத்தைச் சேர்த்தவர். 2016இல் அவரது வீடியோக்கள் சிலவற்றுக்கு விளம்பரம் நிறுத்தப்பட்டதும் வெளிப்படையாகக் கொதித்தார். கொள்கை மாறவில்லை, முன்பு சொல்லாமல் செய்ததை இப்போது அறிவிப்பாகச் சொல்கிறோம், அவ்வளவுதான் என்றது யூடியூப். அடுத்த ஆண்டு பெரிய விளம்பரதாரர்கள் யூடியூபிலிருந்து விலகிய அலை வந்தது. அவர் பேட்ரியான் என்ற சந்தாத் தளம் வழியாகப் பார்வையாளர்களிடமே மாதச் சந்தா கேட்டார், கிடைத்தது. பத்தாண்டுகள் தினமும் வந்து பேசியவர் என்பதால் கிடைத்தது என்று சேர்த்துக்கொள்ளுங்கள். யூடியூபிலேயே உறுப்பினர் சந்தா, சூப்பர் சாட் (நேரலையில் பார்வையாளர் பணம் கட்டி இடும் கருத்து) போன்றவற்றுக்கு 500 சந்தாதாரர்கள், 90 நாட்களில் மூன்று வீடியோக்கள், 12 மாதங்களில் 3,000 மணிநேரப் பார்வை என்ற குறைந்த தகுதி போதும்.

தனிப்பட்ட விளம்பர ஒப்பந்தம் வந்தால், அது விளம்பரம் என்று வீடியோவிலேயே சொல்லுங்கள். பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளை விளம்பரம் செய்வது, 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டப்படி குற்றம். நீங்கள் பேசும் துறையின் ஒப்பந்ததாரரிடமிருந்தோ கட்சிக்காரரிடமிருந்தோ பணம் வாங்கினால் அதற்குப் பிறகு அந்தத் துறையைப் பற்றி நீங்கள் சொல்வதை யாரும் நம்பப்போவதில்லை. இலவசமாக வரும் பொருட்களின் மதிப்பு ஆண்டுக்கு 20,000 ரூபாயைத் தாண்டினால் வரிப் பிடித்தம் உண்டு. ஆண்டு வரவு 20 லட்சத்தைக் கடந்தால் ஜிஎஸ்டி பதிவு. அமெரிக்க வரிப் படிவத்தையும் நிரப்பிவிடுங்கள். கலிஃபோர்னியாவிலும் டெக்சாஸிலும் தமிழர்கள் உங்களைப் பார்ப்பார்கள், அந்தப் பார்வைகளின் வருமானத்தில் அங்கே வரி பிடிப்பார்கள்.

விளம்பர ஒப்பந்தம் என்ற பெயரில் வரும் மின்னஞ்சலில் சுருக்கப்பட்ட கோப்பு இணைத்திருந்தால் திறக்காதீர்கள். சேனல்களைத் திருடுபவர்கள் அதிகம் பயன்படுத்தும் வழி அது. கோப்பைத் திறந்த கணினியிலிருந்து உள்நுழைவுத் தகவல் போய்விடும், மறுநாள் உங்கள் சேனலில் கிரிப்டோ நாணய விளம்பரம் ஓடும். 2024 செப்டம்பரில் இந்திய உச்ச நீதிமன்றத்தின் யூடியூப் சேனலே திருடப்பட்டு, அதில் கிரிப்டோ வீடியோ ஓடியது. கடவுச்சொல்லுக்கு மேல் இன்னொரு சான்றும் கேட்கும் இரட்டைச் சரிபார்ப்பை இன்றே போடுங்கள். சேனலுக்கென்று தனி மின்னஞ்சல் வையுங்கள், அதை விவரப் பகுதியில் எழுதாதீர்கள். வெட்டாத மூலப் பதிவுகளை இரண்டு வன்தட்டுகளில் சேமித்து, ஒன்றை வேறு வீட்டில் வையுங்கள்.